வரலாறு கற்ற கதாசிரியர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது சிவகிரி. காவிரி பாயும் சோழ வளநாடு அங்கிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும், அத்தகைய தென்பாண்டி நாட்டு ஊர்களில் வாழ்வோரும் வீராணத்து ஏரிக்கரையையும் பழையாறை அரண்மனையையும் நேரிற் கண்டவர்போலப் பேசுவர். அவர்தம் மனக்கண்முன் அவற்றை நிறுத்தியவர் கல்கி.

இவரது இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபொழுது, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுப் படிப்பைத் துறந்தார். ஓராண்டு சிறைவாசமும் ஏற்றார். அதன்பின் வேண்டிய நூல்களைத் தாமே தேடிக் கற்றார். பத்திரிகைகள் சிலவற்றில் பணியாற்றியபின், 1941இல் தம் புனைபெயராலேயே இதழொன்றைத் தொடங்கினார்.

சிவகிரிக்கு அணித்தேயுள்ள குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இவருடைய உற்ற நண்பர். ஒருமுறை இருவரும் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்தனர். அன்று உள்ளத்தில் எழுந்த காட்சிகளே பல ஆண்டுகள் கழித்துச் ‘சிவகாமியின் சபத’மாக உருப்பெற்றன.

1950இல் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவரத் தொடங்கியது. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு ஒன்று, துரோகிகளான ரவிதாசன் முதலியோருடைய உடைமைகள் பறிமுதலானதைக் கூறுகின்றது. கொலையின் பின்னணியில் இருந்தவர் யாவர்? இதனை அக்கல்வெட்டு கூறவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அவனைக் குற்றமற்றவன் என்றார். அறிஞர் இருவரின் நூல்களையும் கற்ற கல்கி, ஆராய்ச்சி முடியாத அவ்விடத்திலேயே தம் கற்பனைக்கு இடங்கண்டார். உத்தம சோழனைப் பற்றி அவர் வகுத்த முடிவை வரலாற்றாசிரியர் ஏற்கமாட்டார். அம்முடிவு யாதென்பதை மாணவர்கள் கதையிலேயே படித்தறிதல் நன்று.

வந்தியத்தேவனைப் பற்றித் தஞ்சைக் கல்வெட்டு தருவது மிகச் சிறிய செய்தி. குந்தவையின் கணவன் என்ற அளவே அதனால் அறிகின்றோம். அவனைக் குதிரைமேல் ஏற்றித் தமிழகம் எங்கும் உலவவிட்டவர் கல்கியே. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் முழுதும் கற்பனையிற் பிறந்தவர்கள். ஆனால், அருண்மொழிவர்மன் அரியணையைத் தன் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் உள்ளது. கதையின் இறுதிப் பாகமாகிய ‘தியாகச் சிகரம்’ இதன்மேல் எழுந்ததே.

நூல்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஓவியர் மணியத்துடன் இலங்கைக்குச் சென்று, கதை நிகழும் இடங்களைக் கண்டுவந்தார். மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் எழுதிய கதை 1954இல் முற்றுப்பெற்றது. படித்தவர்கள் கதை எது, வரலாறு எது என்று மயங்குதல் இயல்பன்றோ? கல்கி முடிவுரை ஒன்றை எழுதிச் சேர்த்து, கதைமாந்தரின் பிற்கால வரலாற்றை அதில் எடுத்துரைத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார். ‘அலை ஓசை’க்குச் சாகித்திய அகாதெமியின் பரிசு 1956இல் கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை. அவர் கதையைப் படித்தோர் பலர் இன்றும் உடையார்குடிக்குச் சென்று, கோயிற் சுவரில் அக்கல்வெட்டு எங்குள்ளது எனத் தேடுகின்றனர்.