பழைய கார் வாங்கிய ராய்ஸ்

ரோல்ஸ்ராய்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. ராஜாக்களும் கோடீசுவரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிய கார் அது.

அந்தப் பெயரில் பாதிக்குச் சொந்தக்காரர், ஹென்றி ராய்ஸ். அவர் வாங்கிய முதல் கார் எது தெரியுமா? வேறு ஒருவர் ஓட்டிக் கழித்த பழைய கார்!

அப்போது அவருக்கு ஏறக்குறைய 40 வயது. மின்சார வேலையில் அவர் கெட்டிக்காரர். ஆனால் மோட்டார் கார் விஷயத்தில் வெறும் கற்றுக்குட்டி.

பத்திரிகை விற்ற பையன்

ராய்ஸ் 1863-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி, இங்கிலாந்தில் ஆல்வால்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் மாவு மில் நடத்தினார். தொழில் நொடித்துப்போகவே, குடும்பம் லண்டனுக்குக் குடி வந்தது. 1872-ல் தகப்பனாரும் இறந்துவிட்டார். அப்போது ராய்சுக்கு வயது 9.

அவர் பள்ளிக்கூடம் போனது சுமார் ஓர் ஆண்டுதான். பத்திரிகை விற்றார். வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். கிடைத்த காசில் வயிறு நிறைந்ததா என்பது சந்தேகமே.

1878-ல் உறவுக்கார அம்மாள் ஒருவர் மனம் இரங்கினார். வருடத்துக்கு 20 பவுன் கட்டி, பீட்டர்பரோ நகரத்து ரெயில்வே பட்டறையில் பையனைத் தொழில் பழகச் சேர்த்தார். மூன்று ஆண்டுகளில் அந்த அம்மாளின் கையிலும் பணம் தீர்ந்தது. பயிற்சி பாதியில் நின்றது.

ராய்ஸ் வேலை தேடி அலைந்தார். லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில், வாரம் 11 ஷில்லிங் சம்பளத்துக்கு உழைத்தார். பிறகு மின்சார விளக்குக் கம்பெனிகளில் வேலை பார்த்தார்.

1884-ல், சேமித்து வைத்த 20 பவுனைக் கொண்டு மான்செஸ்டர் நகரில் குக் தெருவில் சொந்தத் தொழில் தொடங்கினார். கிளேர்மாண்ட் என்ற நண்பர் 50 பவுன் போட்டுக் கூட்டாளி ஆனார். முதலில் மின்சார மணி. பிறகு டைனமோ. அதன் பிறகு பாரம் தூக்கும் மின்சார கிரேன். ராய்ஸ் கிரேன் என்றால் நம்பி வாங்கலாம் என்று பெயர் ஏற்பட்டது.

உடம்பும் கெட்டது, தொழிலும் கெட்டது

1900-ம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான கிரேன்கள் வந்து குவிந்தன. விலையைக் குறைக்கலாம்; ஆனால் தரம் குறையும். அதற்கு ராய்ஸ் இணங்கவில்லை.

கவலை உடம்பைத் தின்றது. அவர் ஒழுங்காகச் சாப்பிட்டவரும் அல்ல. பட்டறையில் பால் தம்ளரை வைத்துக்கொண்டு ஒரு பையன் அவர் பின்னாலேயே சுற்றவேண்டி இருந்தது என்று சொல்வார்கள். 1902-ல் உடல் அடியோடு தளர்ந்துவிட்டது. மனைவியின் உறவினர்கள் இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு அவரை ஓய்வுக்கு அனுப்பி வைத்தார்கள். கப்பலில் போகும்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. மோட்டார் கார் பற்றிய புத்தகத்தைப் படித்துக்கொண்டே போனார்!

அந்தக் காலத்தையொட்டித்தான் அவர் அந்தப் பழைய காரை வாங்கினார். அதற்கு முன்பு ஒரு சிறிய டி டியான் வண்டி வைத்திருந்தார். அது நான்கு சக்கர சைக்கிளில் என்ஜினைப் பூட்டியது போன்றது. கார் என்று சொல்லத்தக்கது இப்போது வந்ததுதான்.

அது பிரெஞ்சு நாட்டு டெக்காவில் கார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைச் சக்தி. ரெயிலில் வந்து இறங்கிய அந்தக் கார் கிளம்ப மறுத்தது என்றும், ஆட்கள் அதைத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை சுவையானதுதான். ஆனால் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பவில்லை. உண்மையில் டெக்காவில் மோசமான கார் அல்ல. அந்தக் காலத்து நல்ல கார்களில் ஒன்று. வாங்கியவருடைய காதுதான் பொல்லாதது!

பிரித்துப் போட்டார்

வேறு யாராவது இருந்தால், விற்றவனைத் திட்டிவிட்டுக் காரை வேறு ஆளின் தலையில் கட்டியிருப்பார்கள். ராய்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஓட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். எங்கே சத்தம் வருகிறது? ஏன் இப்படி அதிர்கிறது? பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி ஏன் சமயத்தில் தவறுகிறது? இந்தக் கடைசிக் கேள்வி, ஆயுள் முழுவதும் மின்சாரத்தோடு பழகியவருக்கு வெல்லக் கட்டி.

ஒவ்வொரு பாகத்தையும் இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று கார்கள் செய்து பார்ப்பது என்று துணிந்தார். கிரேன் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. கார் வேலை தவறிப் போனால் 20 ஆண்டு உழைப்பும் ஆட்டம் கண்டுவிடும்.

ராய்ஸ் புதுமை எதையும் தேடி ஓடவில்லை. டெக்காவிலின் அமைப்பையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைத் திருத்தினார். மின்பொறி ஏற்பாட்டை மாற்றினார். புகைக் குழாயின் ஓசையை அடக்கினார். பல் சக்கரங்களை இழைத்து இழைத்துச் சரி செய்தார். இரண்டு பயிற்சிப் பையன்களும் இரவு பகலாக அவரோடு பாடுபட்டார்கள்.

1903-ம் ஆண்டு செப்டம்பரில் என்ஜின் ஓடியது. 1904-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, முதல் கார் குக் தெருவை விட்டுப் புறப்பட்டது. 15 மைல் தொலைவில் நட்ஸ்போர்டு என்ற ஊரில் இருந்த வீட்டுக்கு ராய்ஸ் அதிலேயே போய்ச் சேர்ந்தார்.

பிரபுவின் மகன்

மூன்று கார்களில் ஒன்று எட்மண்ட்ஸ் என்பவரிடம் போயிற்று. லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுவந்த சார்லஸ் ரோல்ஸ் அவருடைய நண்பர். ரோல்ஸ், ஒரு பிரபுவின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். விற்பதற்கு நல்ல ஆங்கிலேயக் கார் கிடைக்கவில்லையே என்பது அவருடைய குறை. இரண்டு சிலிண்டர் கார் என்றாலே அவருக்குப் பிடிக்காது.

1904-ம் ஆண்டு மே 4-ந் தேதி, மான்செஸ்டரில் மிட்லண்ட் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ராய்சின் காரில் ஏறிப் பார்த்த பிறகு ரோல்சின் எண்ணம் மாறிவிட்டது. ராய்ஸ் செய்யும் கார் அத்தனையையும் தானே விற்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 1906-ல் ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி பதிவாயிற்று. அடுத்த ஆண்டில் 'சில்வர் கோஸ்ட்' என்ற கார், 14,000 மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது.

1910-ம் ஆண்டு ஜூலையில் விமான விபத்தில் ரோல்ஸ் மாண்டார். மறு ஆண்டே ராய்ஸ் கடும் நோயில் விழுந்தார். அதற்குப் பிறகு டெர்பி நகரில் இருந்த பெரிய தொழிற்சாலையில் அவர் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. தெற்கு பிரான்சிலும், பின்னர் இங்கிலாந்தின் தென்கரையில் வெஸ்ட் விட்டரிங் கிராமத்திலும் தங்கினார். வரைபடக்காரர்கள் அங்கேயே போனார்கள். படுக்கையில் இருந்தபடியே, பழைய டெக்காவிலைச் சோதித்தது போல் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்தார். 1919-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தை நிற்காமல் தாண்டிய முதல் விமானத்தில் இருந்தவை அவருடைய ஈகிள் என்ஜின்கள்தான்.

1930-ல் அரசாங்கம் அவருக்கு 'பாரனெட்' பட்டம் அளித்தது. 1933-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி காலமானார். தகப்பனாரின் மில் நொடித்துப்போன அதே ஆல்வால்டன் கிராமத்துக்குத்தான் முடிவில் அவரது அஸ்தி வந்து சேர்ந்தது. அங்கே மாதா கோவிலில் அதை வைத்திருக்கிறார்கள்.