கல்லில் வரலாறு கண்டவர்

சேர்வராயன் கோயிலுக்கு ஏறும்போது காலில் இடறும் கற்களை நாங்கள் ஒதுக்கிவிட்டு நடப்போம். அத்தகைய கற்களிலேதான் இராபர்ட் புரூஸ் ஃபூட் வரலாற்றைக் கண்டார்.

1834இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியொன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதிமனிதன் தன் கையால் செதுக்கிய கோடரி அது! இந்நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அது சான்றாயிற்று. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அவ்வூர்க் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிஞர்கள் அறிவித்தனர். அவ்வளவு தொன்மையை அவரே எண்ணியிருக்க மாட்டார்.

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியார் இவருடைய மாமனார்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வாழ்ந்தார். நம் மலையில் கிடைத்த, மெருகேற்றிய கற்கோடரிகளையும் சேகரித்தார். மலைமக்கள் அவற்றைச் சிறு கோயில்களில் வைத்து வணங்கியதுண்டு. கல்வி அறியாத அவர்களும் அக்கற்களின் பெருமையை ஒருவாறு உணர்ந்திருந்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அவருடைய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் மறைந்தார். ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது. அதுவும் கல்தான்.