மாண்டிசோரி அம்மையார்

சிறு குழந்தையின் கை ஒருபொழுதும் ஓய்ந்திராது. எட்டியதை எடுக்கும், எடுத்ததை உருட்டும், மூடியதைத் திறக்கும், திறந்ததை மீண்டும் மூடும். அதனைக் குறும்பென்று கடிந்து, கைகட்டி வாய்பொத்தி இருக்கச் செய்தலே கல்வியின் தொடக்கம் என உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அக்கையே குழந்தைக்கு அறிவு புகும் வாயில் என்று செய்து காட்டிய பெருமாட்டியார் மரியா மாண்டிசோரி ஆவார்.

இவ்வம்மையார் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில், 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், தடை பல கடந்து உரோம் நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், மனநோய் மருத்துவமனைகளில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள், கையிலெடுத்து விளையாட ஒரு பொருளுமின்றி அடைபட்டுக் கிடத்தலைக் கண்டு உளம் நொந்தார். அவர்களுக்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே எனத் தெளிந்து, தொட்டும் பொருத்தியும் அறிதற்குரிய கருவிகளைக் கொண்டு பயிற்றினார். அவருள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய பிள்ளைகளுக்குரிய தேர்விலும் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, குறையில்லாப் பிள்ளைகளின் ஆற்றலைத் தடுத்து நிறுத்துவது யாது என்று சிந்திக்கலானார்.

அதற்கு விடை காணும் வாய்ப்பு விரைவில் வந்தது. உரோம் நகரின் சான் லொரன்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் பலர் வாழ்ந்தனர். பெற்றோர் வேலைக்குச் சென்றபின், குழந்தைகள் காப்பாரின்றித் திரிந்தனர். அவர்களுக்காக 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே அம்மையார் மரத்துண்டுகளையும் வண்ண அட்டைகளையும் வைத்தார். பத்துத் துளைகளில் பத்து மரமுளைகளை அளவறிந்து பொருத்துதல் ஒரு பயிற்சி. ஒன்று இடம் மாறினும் இறுதி முளை பொருந்தாது. ஆதலின் பிறர் கடியாமலே குழந்தை தன் பிழையைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும்.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அம்முளைகளைக் கழற்றுவதும் பொருத்துவதுமாய் இருந்தாள். அவள் ஒருமைப்பாட்டைச் சோதிக்க விரும்பிய அம்மையார், ஏனைய பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் செய்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். முளைகளை மடியில் அள்ளிக்கொண்ட அச்சிறுமி, தன் வேலையை விடாது செய்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து, தானே நிறுத்தி, களைப்பின்றி மலர்ந்த முகத்தோடு நோக்கினாள். விருப்பமான வேலை கையிலிருப்பின் சிறு குழந்தையின் மனமும் அலையாது என்பதை அம்மையார் அன்று கண்டார்.

எழுத்தும் அவ்வழியே வந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி, ஒலியையும் வடிவையும் ஒருங்கே அறிந்தனர். ஒரு திசம்பர் நாளில், மேல்மாடத்தில் விளையாடிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கோலைக் கொடுத்துப் புகைபோக்கி ஒன்றை வரையுமாறு பணித்தார். வரைந்து முடித்தவன், தனக்கு எழுதத் தெரியுமென்று மகிழ்ந்து கூவி, தரையில் ஒரு சொல்லை எழுதினான். அவன் எழுதிய அம்முதற்சொல் கை என்பதே.

அம்மையார் புகழ் நாடெங்கும் பரவியது. எனினும் அவர் வாழ்வு இன்னலின்றி அமையவில்லை. தொடக்கத்தில் ஆதரவளித்த முசோலினியின் அரசோடு கருத்து வேறுபாடு முற்றியமையால், 1934-இல் இத்தாலியில் அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. தாய்நாடு நீங்கிய அவர், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டில் இத்தாலி போரில் புகுந்தது; பகைநாட்டார் என்று கருதப்பட்டு அம்மையாரின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது; மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில் மகன் விடுவிக்கப்பட்டார். இத்துயரிடையேயும் அவர் தம் பணியைக் கைவிட்டிலர். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி, ஆசிரியர் பலரைப் பயிற்றினார். நாட்டில் அவர்பால் பயிற்சி பெற்றோர் ஆயிரவர்க்கும் மேலாவர்.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், நெதர்லாந்து நாட்டில் அம்மையார் இயற்கை எய்தினார். கற்பிப்போர் முந்திக்கொண்டு செய்துகொடுக்கும் ஒவ்வொன்றும் குழந்தை தானே கற்கவேண்டிய ஒன்றைப் பறித்துவிடும் என்பது அவர் வாழ்வு உணர்த்தும் உண்மை. தம்பி தங்கையர் சட்டைப் பொத்தானைப் பூட்ட முயன்று தடுமாறுங்கால், உதவ விரையும் நம் கையைச் சற்றே அடக்கிப் பொறுத்திருப்போமாக. அப்பொறுமையே அவர்களுக்கு நாம் அளிக்கும் முதற் பாடமாகும்.