மியூசியத்துக்குள் புலியைக் கொண்டுவந்த டாக்டர்! ‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’ பிறந்த கதை: யார் இந்த எட்வர்ட் பால்ஃபர்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வயதான பெரியவர்களிடம் பழைய மெட்ராஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’ என்று இரண்டு பெயர்கள் காதில் விழும். காணும் பொங்கல் வந்தால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டணம் பார்க்கக் கிளம்பியவர்கள் தவறாமல் போன இடங்கள் இவை.

செத்த காலேஜ் என்பது எழும்பூர் அரசு அருங்காட்சியகம். உயிர் காலேஜ் என்பது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை. இப்போது அது வண்டலூரில் இருக்கிறது.

இந்த இரண்டுமே ஒரே ஆளிடமிருந்துதான் தொடங்கின. அவர்தான் டாக்டர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர்.

யார் இந்த பால்ஃபர்?

1813 செப்டம்பர் 6-ல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல் கேப்டன். தாய்மாமன் ஜோசப் ஹியூம், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தங்களுக்காகக் குரல் கொடுத்த எம்.பி.

எடின்பரோவில் அறுவை சிகிச்சை படித்த பால்ஃபர், 1834-ல் கம்பெனி ராணுவத்தின் உதவி டாக்டராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வழியில் மொரீஷியஸ் தீவில் இறங்கியபோது, காடுகளை வெட்டியதால் அந்த மண் என்ன பாடு பட்டிருக்கிறது என்பதை நேரில் பார்த்தார். மரம் இருந்தால்தான் மழையும் ஈரமும் நிற்கும் என்று பின்னாளில் அவர் எழுதியதற்கு இதுதான் விதை.

இங்கே வந்த பிறகு இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டார். சேப்பாக்கத்தில் இருந்த நவாப் தர்பாரில் அரசின் பிரதிநிதியாகவும் வேலை பார்த்தார். இந்தப் பழக்கம் பின்னால் மியூசியத்துக்கே கை கொடுத்தது.

‘காலேஜ்’ என்ற பெயர் எப்படி வந்துச்சு?

சென்னையில் ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்று முதலில் கேட்டது மெட்ராஸ் இலக்கியச் சங்கம். அப்போதைய ஆளுநர் ஹென்றி பாட்டிங்கர் லண்டனிலிருந்து அனுமதி வாங்கினார். 1851-ல் மியூசியம் திறக்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் பால்ஃபர்.

இடம், நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடம். ஊர் மக்கள் மியூசியத்தை ‘காலேஜ்’ என்று சொல்ல ஆரம்பித்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

தொடக்கத்தில் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? பெரும்பாலும் கல். சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகள். இதில் கம்பெனிக்கு ஒரு லாபக் கணக்கும் இருந்தது. இந்த மண்ணில் என்ன தாது கிடைக்கும், எந்த மரம் எதற்கு உதவும், எதை விற்கலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே!

ஆனால் கல்லைப் பார்க்க எந்தக் குழந்தை ஆசைப்படும்? படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலத்தில், கண்ணாடிப் பெட்டியில் இங்கிலீஷில் எழுதி ஒட்டினால் யாருக்குப் புரியும்?

புலி வந்ததும் என்ன ஆச்சு?

கட்டடத்தில் இடம் போதாததால், 1854 டிசம்பரில் மியூசியம் எழும்பூர் பாந்தியனுக்கு மாறியது. பாந்தியன் என்பது அதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் கூடி விருந்து, நடனம் என்று பொழுதைக் கழித்த இடம். பாந்தியன் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். துரைமார் கூடிய அதே வளாகத்துக்குள் சாதாரண ஜனங்களும் நுழைய ஆரம்பித்தார்கள்.

அவர்களை இழுத்தது கல் அல்ல. மியூசியத்தில் உயிரோடு வைத்திருந்த புலியும் சிறுத்தையும்! விலங்குகளைப் பார்க்க வந்த கூட்டம், போகிற போக்கில் மற்றதையும் பார்த்துவிட்டுப் போனது.

இதைக் கவனித்த பால்ஃபர், 1855-ல் மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாப் பட்டத்தைக் கடைசியாக வகித்த குலாம் கவுஸ் கானிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையும் மியூசியத்துக்கு வாங்கிக்கொடுத்தார். ஒரே வருஷத்தில் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என 300-க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே இருந்தன.

இன்று குழந்தைகளுக்கான அருங்காட்சியகங்கள் ‘இன்டராக்டிவ்’ என்று விளம்பரம் செய்கின்றன. தொடலாம், இயக்கலாம், விளையாடலாம் என்கின்றன. பால்ஃபர் காலத்தில் அந்த வார்த்தையும் இல்லை, அந்தக் கருவிகளும் இல்லை. ஆனால் அடிப்படை அவருக்குப் பிடிபட்டிருந்தது. முதலில் ஆச்சரியம், அப்புறம்தான் பாடம்.

உயிர் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்

பால்ஃபர் 1859 வரை மியூசியப் பொறுப்பில் இருந்தார். 1863-ல் மிருகக்காட்சி சாலை மாநகராட்சியின் கைக்குப் போய், சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவுக்கு மாறியது.

ஜனங்கள் இதைத் தங்கள் பாணியில் குறித்து வைத்தார்கள். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் தங்கிய எழும்பூர், செத்த காலேஜ். உறுமலும் கூவலும் கேட்ட பீப்பிள்ஸ் பார்க், உயிர் காலேஜ். ஒரே வீடாக இருந்தது இரண்டான கதை, இந்தப் பட்டப்பெயர்களிலேயே இருக்கிறது.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இந்த இடமாற்றம் ஒரு வகையில் வசதிதான். ஆவடி, அம்பத்தூரிலிருந்து ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். பூந்தமல்லியிலிருந்து வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலையே அந்தப் பூங்காவை ஒட்டித்தான் போகும். இடம் போதாமல் போக, 1985-ல் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபெயர்ந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது.

மியூசியத்தோடு முடியல!

1857-ல் இந்தியாவைப் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தை பால்ஃபர் வெளியிட்டார். 1865-ல் பெங்களூரு அருங்காட்சியகம் தொடங்கவும் வழிகாட்டினார்.

1871 முதல் 1876 வரை மெட்ராஸ் மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக இருந்தபோது, பெண்கள் டாக்டருக்குப் படிக்க ஆதரவாக நின்றார். 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட சில பெண்கள் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். பின்னாளில் ஷார்லீப் முயற்சியில் உருவான பெண்கள் ஆஸ்பத்திரிதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

ஊர் திரும்பிய பால்ஃபர், 1889 டிசம்பர் 8-ல் லண்டனில் காலமானார்.

இன்று பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

எழும்பூர் மியூசியம் இன்றும் அதே பாந்தியன் ரோட்டில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிக் கட்டடமும் உண்டு. விலங்கியல் பகுதியில் உள்ள திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்றால், சின்னப் பிள்ளைகளுக்கு அதன் பிரம்மாண்டம் சொல்லாமலே புரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட வேண்டாம்.

பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அம்பத்தூர்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில், வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம்.

போகும்போது எல்லா அறையையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். எந்த இடத்தில் அவர்கள் வாய் பிளந்து நிற்கிறார்களோ, அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள். 170 வருஷத்துக்கு முன்பு இந்த ஊர் ஜனங்களை மியூசியத்துக்குள் இழுத்ததும் அந்த ஆச்சரியம்தான்.