ஏட்டோலையில் ஆன்ம உணவு படைத்த அடிகளார்

உடலுக்கு உணவு எத்துணை இன்றியமையாததோ, ஆன்மாவுக்கு நல்ல மறைப்போதனையும் அத்துணை இன்றியமையாதது. வயிற்றுப் பசி தன்னைத் தானே உணர்த்திவிடும். ஆன்மப் பசியோ ஓசையின்றி வந்து, விசுவாசத்தை மெல்ல மெல்ல நலியச் செய்துவிடும். அப்பசியை இனங்கண்டு, அதனைத் தணிப்பதற்கெனத் தம் வாழ்வின் முப்பத்தேழு ஆண்டுகளை இலங்கைத் திருநாட்டிற்கு ஈந்தவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்.

1676ஆம் ஆண்டு கோவாவிலுள்ள திவார் தீவில், கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே கல்வியில் சிறந்து விளங்கிய அவர், கோவாவின் ஒரற்றோரியன் சபையில் இணைந்து குருவானார். கற்றோர் அவையில் புகழுடன் வாழ அவருக்கு வாய்ப்பிருந்தது. ஆயினும் ஆயரற்ற மந்தையாய்த் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை அவரது உள்ளத்தைத் தொட்டது. 1705ஆம் ஆண்டு அவர் இலங்கை மண்ணில் கால்பதித்தார்.

அன்றைய நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணமும் மன்னாரும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்க குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் பறிபோயின. ஒல்லாந்தர் நடத்திய பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சீர்திருத்த சபையின் போதனையே ஊட்டப்பட்டது. 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசப் வாஸ் அடிகளார், சிதறிய மந்தையை மீண்டும் ஒன்றுசேர்த்தார். ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். ஆயினும் குருக்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஓர் ஊருக்கு ஒருமுறை வந்து திருப்பலி ஒப்புக்கொடுத்துச் சென்ற குரு, மறுபடி அங்கு வருவதற்கு மாதங்கள் பல கழியும். அந்த இடைக்காலத்தில் மக்களின் ஆன்மாவுக்கு உணவளிப்பவர் யார்?

கொன்சால்வெஸ் அடிகளாரின் வாழ்வு முழுவதும் இவ்வினாவுக்கு விடையாகவே அமைந்தது. குரு இல்லாத வேளையிலும் போதனை மக்களோடு தங்கியிருத்தல் வேண்டும். அதுவும் அவர்களது தாய்மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். எனவே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். புனித யோசப் வாஸ் அடிகளாரின் விருப்பத்திற்கிணங்கக் கண்டிக்குச் சென்று சிங்களத்தையும் இலக்கியச் செம்மையுடன் பயின்றார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தையென இன்று அவர் போற்றப்படுகிறார். நம் தமிழுக்கும் அவர் ஆற்றிய தொண்டு சிறிதன்று.

விவிலிய வரலாற்றை எளியோரும் அறியும்படி தேவ அருள்வேத புராணத்தை அவர் இயற்றினார். ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் நற்செய்திக்கு விளக்கமாகச் சுவிசேஷ விரித்துரையை எழுதினார். குரு வரவியலாத ஊர்களில் அண்ணாவியார் அதனை எடுத்து வாசிக்க, மக்கள் கூடியிருந்து செவிமடுக்க இயலும். மேய்ப்பன் தொலைவில் இருந்தபோதும் மந்தைக்கு உணவு கிடைக்க அவர் இவ்வாறு வழிவகுத்தார். ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்க அவர் எழுதிய வியாகுல பிரசங்கம், இன்றும் நம் பங்குகள் பலவற்றில் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, கேட்போரின் கண்களை நனைக்கின்றது.

ஒல்லாந்தர் கொழும்பில் அச்சகம் நிறுவித் தம் சமய நூல்களை வெளியிட்டனர். கத்தோலிக்கருக்கோ அத்தகைய வசதி கிடையாது. அடிகளார் அதனால் மனந்தளரவில்லை. படியெடுப்போரை அமர்த்தித் தம் நூல்களைப் பனையோலைகளில் எழுதச் செய்து, ஊர்களுக்கு அனுப்பி வைத்தார். ஓரோலையில் சில வரிகளே அடங்கும்; ஒரு நூல் முற்றுப்பெற எத்தனை ஓலைகள், எத்தனை நாள் உழைப்பு! அவ்வாறு பிறந்த ஓலைச்சுவடிகளே தலைமுறைகள் பலவற்றின் விசுவாசத்தைக் காத்தன.

1742ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள், நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் அங்குள்ள ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சி அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஆட்சி மறைந்தது, அதன் தடைச் சட்டங்களும் மறைந்தன. அடிகளார் ஊட்டிய விசுவாசமோ இன்றும் வாழ்கின்றது.

அன்பான இறைமக்களே, நம் முன்னோர் ஓலைச்சுவடிக்காகக் காத்திருந்தனர். நமது இல்லங்களிலோ அச்சிட்ட திருவிவிலியம் இருக்கின்றது. ஆனால் பலவேளைகளில் திறக்கப்படாமலே இருக்கின்றது. பிள்ளைகளின் பரீட்சைக்கெனப் பிரத்தியேக வகுப்புகளுக்கு நேரமும் பணமும் ஒதுக்கும் நாம், ஞாயிறு மறைக்கல்விக்கு அவர்களை அனுப்பத் தயங்குவது முறையாகுமா? கல்வி தேவையே. எனினும் துன்பம் சூழும் நாளில் பிள்ளையைத் தாங்கி நிற்பது சிறுவயதில் பெற்ற விசுவாசமே. யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட நம் குடும்பங்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இரவு உணவுக்கு முன் குடும்பமாகக் கூடி, நற்செய்தியின் ஒரு பகுதியை வாசிப்போம். அதன் பொருளைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எளிய சொற்களில் எடுத்துரைப்பார்களாக. குரு வரவியலாத இல்லத்திலும் போதனை தங்கியிருக்க வேண்டும் என்பதே அடிகளாரின் கனவு. அக்கனவு நம் இல்லங்களில் நனவாக இறைவன் அருள்புரிவாராக.