கார்ஃப் கோட்டைத் தலைவி

இங்கிலாந்தின் தென்பகுதியாகிய டார்செட்டில், இரு குன்றுகளுக்கு நடுவே தனித்துயர்ந்த மேடொன்றின்மேல் கார்ஃப் கோட்டையின் சிதைவுகள் இன்றும் நிற்கின்றன. நார்மானிய மன்னர் எழுப்பிய அவ்வரணை 1635-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியவர் ஸர் ஜான் பாங்க்ஸ் என்னும் சட்ட வல்லுநர். அவர்தம் வாழ்க்கைத் துணைவியே மேரி பாங்க்ஸ் சீமாட்டி. ரைஸ்லிப் என்னும் ஊரில் ஹாட்ரி குடும்பத்திற் பிறந்த இவ்வம்மையார் மக்கட்பேறு மிக்கவர், போர்த்தொழில் அறிந்தவரல்லர்.

1642-இல் சார்ல்ஸ் மன்னனுக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டது. நீதிபதியாகிய கணவர் மன்னனோடு இருந்தமையின், கோட்டைப் பொறுப்பு அம்மையார்மீது விழுந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் நாற்பது மாலுமிகள் வந்து, ஆங்கிருந்த நான்கு சிறு பீரங்கிகளைக் கேட்டனர். உள்ளிருந்த ஆடவர் ஐவரே. அம்மையார் அவர்களையும் பணிப்பெண்களையும் கொண்டு ஒரு பீரங்கியை வெடிப்பிக்க, வந்தவர் ஓடினர். பின்னர் அச்சுறுத்தல் மிகவே பீரங்கிகளைக் கொடுத்துவிட்டார். இதனைக் கோழைமை என்று எண்ணற்க. பகைவர் காவல் தளர்ந்திருந்த அந்நாட்களில் உணவையும் வெடிமருந்தையும் ஓசையின்றி உள்ளே சேர்த்துக்கொண்டார்.

ஜூன் மாதத்தில் ஸர் வால்ட்டர் ஏர்ல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வீரருடன் முற்றுகையிட்டார். ஏணி சாத்தி ஏறினோர்மீது, மேற்கோட்டையில் நின்ற அம்மையாரும் புதல்வியரும் பணிப்பெண்களும் வீரர் ஐவரும் கற்களையும் தணலையும் கொட்டினர். ஏறக்குறைய ஆறு வாரம் சென்று, மன்னன் படை வருவதறிந்த பகைவர் ஆகஸ்டில் அகன்றனர்.

1644 டிசம்பரில் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு மீண்டும் முற்றுகை நேர்ந்தது. இம்முறை கோட்டையை வீழ்த்தியது பீரங்கியன்று. உள்ளிருந்த பிட்மன் என்னும் படைத்தலைவனது வஞ்சகமே. துணைப்படை கொணர்வதாகக் கூறிச் சென்ற அவன், 1646 பிப்ரவரியில் பகைவரையே உள்ளே புகுத்தினான். அம்மையாரின் ஆண்மையை மதித்த வெற்றியாளர், கோட்டைச் சாவிகளை அவரிடமே விட்டனர் என்று கூறுவர்.

சாவியை விட்டவர்கள் கோட்டையை விடவில்லை. பார்லிமெண்டின் ஆணைப்படி மதில்களின் கீழ்ச் சுரங்கமகழ்ந்து வெடிமருந்து வைத்தனர். கோபுரங்கள் சில சாய்ந்தன. உள்வாயிலின் ஒரு பாதி பெயர்ந்து, நின்றவாறே சரிவில் இறங்கிற்று. வீட்டுப் பொருள்கள் கொள்ளைபோயின. கற்கள் ஊரார் இல்லங்களுக்குச் சுவராயின.

தண்டம் செலுத்தி நிலங்களை மீட்ட அம்மையார், இரண்டாம் சார்ல்ஸ் அரியணை ஏறியதைக் கண்டு 1661-இல் உயிர்நீத்தார். மகன் ரால்ஃப் கார்ஃபைப் புதுப்பிக்க முயலாது, கிங்ஸ்டன் லேசியில் வேறு மாளிகை கட்டினார். அச்சாவிகள் அங்கேதான் உள்ளன.