வ. வே. சு. ஐயர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஆம் ஆண்டு பிறந்த வ. வே. சு. ஐயர், பாரிஸ்டர் கல்வியை நாடி இலண்டன் சென்றார். அங்கே சட்டநூல் ஏந்திய கை சுழல் துப்பாக்கியையும் ஏந்திற்று. டாட்டன்ஹாம் கோர்ட் சாலைப் பயிற்சிக்கூடத்தில் அவர் குறிபார்த்துச் சுடப் பழகினார். அஃது எளிய கலையன்று. வெடிக்குந்தோறும் துப்பாக்கி கையை மேலே உதறும். மூச்சடக்கி, மணிக்கட்டை அசையாது நிறுத்தினாலன்றிக் குண்டு குறியைச் சாராது. படைக்கலமே விடுதலை தரும் என்பது அந்நாளில் அவர்தம் துணிபு. 1910 இல் மாறுவேடத்தில் புதுச்சேரியை அடைந்து, இளைஞர்க்கும் அக்கலையைப் பயிற்றினார். அவருள் ஒருவரான வாஞ்சிநாதன் 1911 இல் மணியாச்சியில் ஆட்சித்தலைவர் ஆஷைச் சுட்டுத் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார்.

பின்னாளில் ஐயர் காந்தியடிகளின் அறநெறியைத் தழுவினார். துப்பாக்கியைத் துறத்தல், அதனைப் பழகுதலினும் அரிது போலும்! பெல்லாரிச் சிறையில் கம்பனை ஆய்ந்தெழுதினார். 1925 ஜூன் 3 ஆம் நாள், பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில் வீழ்ந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்தார், இருவரும் மீண்டிலர்.